எறும்புக் கிண்ணத்துத் தண்ணீர்

காய்ச்சல் என்றால் ஒரு போர்வை, ஒரு சுக்குக் கஷாயம், கொஞ்சம் கஞ்சி, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். போன மாதம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, வடக்கே எங்கோ மூட்டை முடக்கும் காய்ச்சல் வந்திருக்கிறதாம், நம்ம பக்கமெல்லாம் அது வராது என்று சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. வராது என்று யார் சொன்னது? வந்தது. எங்கள் விருத்தாசலத்துக்கே வந்தது. வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வருஷங்கள் போய்விட்டாலும் எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. மெட்ராஸில் ஒரு புதுக் காய்ச்சல் என்று பேப்பரில் வந்தது. அதற்கு அடுத்த மழைக்காலம். நானும் என் வீட்டுக்காரரும் ஒரே பீங்கான் ஷெட்டில் வேலை பார்த்தோம். அவர் சூளையில், நான் அச்சில். கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி, அது இறுகியதும் அச்சைப் பிரித்து, சாமானை உடையாமல் எடுத்து, ஒட்டுத் தெரிகிற இடத்தை ஈர ஸ்பாஞ்சால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். பச்சை மண் பச்சைப் பிள்ளை மாதிரி. கை மெதுவாகவும் இருக்கணும், உறுதியாகவும் இருக்கணும். என் கை அப்படிப்பட்ட கை. பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஒருநாள் காலை அச்சைப் பிரித்தேன். கிண்ணம் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து சொத்தென்று அப்பளமாகிவிட்டது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் போச்சு. விரல் மடங்கியிருக்கிறது, திறக்கவில்லை. மணிக்கட்டில் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி வலி. மதியத்துக்குள் உடம்பு கொதித்தது. எழுந்து நிற்கப் பார்த்தேன், முட்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே ஷெட் வாசல்வரை போனேன்.

"என்னா அம்சா, எதையாவது தேடுறியா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"ஆமா, என் முதுகெலும்பத் தேடுறேன். எங்கியோ வுழுந்துடுச்சி!"

அவர் சிரித்தார். கிட்டே வந்து கையைத் தொட்டுப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டிலேயே கிடந்து பார்த்தேன். நிலவேம்புக் கஷாயம் குடித்தேன். ஒத்தடம் கொடுத்தார். காய்ச்சல் இறங்கவில்லை, உடம்பெல்லாம் செவசெவவென்று தடிப்பு வேறு. கடைசியில் வாடகை மாட்டு வண்டியில் படுக்கவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் என்னைப் போலவே கூனிக் குறுகி இருந்தார்கள். கூப்பிட்டதும் ஒவ்வொருவரும் எழுந்து, தரையைப் பார்த்தபடி, முட்டியில் கையை ஊன்றி ஊன்றி டாக்டர் அறைக்குள் போனார்கள். "எல்லாரும் கோயிலுக்குள்ள கும்புட்டுக்கினே போற மாதிரி இருக்குதே" என்று பக்கத்திலிருந்த பெண்ணாடத்துக்கார அம்மா சொன்னாள். கரும்பு வெட்டுகிறவள். அவளுக்கும் அதே நோவு. அந்த வலியிலும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

டாக்டரம்மா சின்ன வயசுதான். ஆனால் பேச்சில் அவசரம் கிடையாது. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மலேரியாவுக்குப் பார்த்தார்கள். இல்லை. யானைக்கால் கிருமி ராத்திரியில்தான் ரத்தத்தில் மேலே வருமாம். அதற்காக ராத்திரி எழுப்பி இன்னொரு குத்து. அதுவும் இல்லை. ஒரு சின்னக் குழாயில் ரத்தம் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. மெட்ராஸுக்கு அனுப்புகிற அளவுக்கு என் ரத்தத்தில் என்ன இருக்கிறது?

டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். "இது வைரஸும்மா. இங்க இருக்கற பூதக்கண்ணாடியில வெச்சுப் பார்த்தாக்கூடத் தெரியாத கிருமி. ஆப்பிரிக்காவுல மொதல்ல கண்டுபுடிச்சது. அங்க இதுக்கு வெச்ச பேருக்கே வளைஞ்சு போறதுன்னுதான் அர்த்தமாம். அதைச் சாகடிக்க மருந்து கெடையாது. உடம்பே அதைத் தொரத்திடும். வலிக்கு மட்டும் மாத்திரை தரேன். வெறும் வயித்துல போடாதே."

"ஆப்பிரிக்காவுல இருக்கறது எனக்கு எப்பிடி வரும், டாக்டரம்மா? நான் சேலம்கூடப் பார்த்ததில்ல."

"கப்பல் ஏறி ஊருக்கு ஊர் வந்திருக்குது. மெட்ராஸுக்கு வந்துச்சு. அங்கேயிருந்து இங்க ரயிலு இல்லியா? உங்க ஷெட்டுக்கு மெட்ராஸ் ஆளு யாராவது வந்தாங்களா?"

வந்தார். சரக்கெடுக்க வந்த வியாபாரி ஒருத்தர் காய்ச்சலென்று ஷெட்டுக்குப் பின்னால் இருந்த அறையிலேயே படுத்துக் கிடந்தார். நான்தான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"கஞ்சி குடுத்ததால வரல. அவரைக் கடிச்ச கொசு உன்னைக் கடிச்சிருக்குது. அதுவும் பகல்ல கடிக்கற கொசு. காலுல வெள்ள வெள்ளயா வரி இருக்கும்" என்றார் டாக்டரம்மா.

"கை?" என்று கேட்டேன். மற்றதெல்லாம் அப்புறம். "கை பழையபடி வருமா?"

"பெரும்பாலும் வந்துடும். சில பேருக்கு மாசக்கணக்குல வலி நிக்கும். பொறுத்துக்கணும்."

பெரும்பாலும் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி அழுதேன். அழுதால் கண்ணைத் துடைக்கக்கூடக் கை வரவில்லை. அந்த ஆத்திரத்தில் இன்னும் அழுகை வந்தது.

பகலெல்லாம் என்னைக் கொசுவலைக்குள் போட்டுவிட்டார்கள். வெயிலடிக்கிற நேரத்தில் கொசுவலையா என்று வார்டே சிரித்தது. என் வீட்டுக்காரர் சூளை வேலை முடிந்ததும் ரசம் சாதத்தோடு வருவார். பிசைந்து ஊட்டுவார். சூளைக்காரர் கை, உருண்டை ஒவ்வொன்றும் செங்கல் அளவுக்கு வரும். "நான் என்னா அடுப்பா, இப்பிடி அள்ளிப் போடுறீங்க?" என்று திட்டுவேன். ஒருநாள் அவரே என் தலையைப் பின்னிவிட்டார். பின்னல் முடிந்ததும் வார்டில் ஒரே சிரிப்பு. பெண்ணாடத்து அம்மா, "மாட்டுக்குத் தும்பு திரிச்ச மாதிரி இருக்குது" என்றாள். அவருக்கு வெட்கம். ஆனால் மறுநாளும் சீப்போடுதான் வந்தார். நான் அந்தப் பின்னலை அவிழ்க்காமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

வார்டு மூலையில் ரொட்டியும் பாலும் வைக்கிற மர அலமாரி ஒன்று நின்றது. படுத்தபடியே பார்த்தேன். அதன் நாலு காலுக்கும் கீழே நாலு பழுப்புப் பீங்கான் கிண்ணம். எனக்கு ஒரு துள்ளல் வந்துவிட்டது. எங்கள் ஷெட்டு எறும்புக் கிண்ணம்! நடுவில் மேடு, சுற்றிலும் பள்ளம். மேட்டில் அலமாரிக் கால் நிற்கும், பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், எறும்பு தண்ணீரைத் தாண்டி ஏறாது.

"டாக்டரம்மா, அது நான் தேய்ச்ச கிண்ணம்!" என்றேன்.

எந்தக் கிண்ணம் என்று டாக்டரம்மா போய்க் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு டார்ச் லைட்டை வாங்கிவந்து அடித்துப் பார்த்தார். வார்டு ஆயாவைக் கூப்பிட்டு ஒரு கிண்ணத்தை மெதுவாக எடுக்கச் சொல்லி என் கட்டிலுக்கே கொண்டுவந்தார்.

தண்ணீருக்குள் மயிரிழை மாதிரி புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன.

"கொசுப்புழு. அந்த வரிக் கொசு சாக்கடையில முட்டை போடாது. சுத்தமான தண்ணி, சின்னப் பாத்திரம், வூட்டுக்குள்ள நெழலு, இதுதான் அதுக்குப் புடிக்கும். உங்க கிண்ணம் அதுக்கு மாளிகை. இதை நானே முன்ன பார்த்திருக்கணும்" என்றார்.

என் துள்ளலெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. எனக்கு அந்த நேரத்தில் ஸ்ரீமுஷ்ணம்தான் கண்ணுக்குள் நின்றது.

ஏன் என்று சொல்கிறேன். என் பிறந்த வீடு ஸ்ரீமுஷ்ணம். அப்பா அம்மா இல்லை. அண்ணனும் அண்ணியும்தான். என் ஒரே மகள் செல்வி, நாலு வயசு, நாங்கள் ரெண்டு பேரும் ஷெட்டுக்குப் போவதால் அண்ணியிடம்தான் வளர்ந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிப் போவேன். விருத்தாசலத்து ஷெட்டுக்காரர்கள் நாங்கள் உறவுக்காரர் வீட்டுக்குப் போகும்போது பூவும் பழமும் வாங்க மாட்டோம். சூளையில் கோணிப்போன சாமான், கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு சரியாக ஒட்டாத சாமான், இப்படிக் கழித்துவிட்டதில் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு போவோம். அண்ணி வெல்லம் வைக்கிற பெஞ்சில் எறும்பு தாங்கவில்லை என்றாள். கிண்ணம் கொண்டுபோனேன். பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள், அவளுக்கும் கொண்டுபோனேன். பிறகு எதிர் வீடு, கோடி வீடு. செல்வியின் கட்டிலுக்குக்கூட நாலு. அந்தத் தெருவில் என் கிண்ணம் இல்லாத வீடே கிடையாது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். நானோ தெரு முழுக்க மடி மடியாக விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அண்ணி மறுநாளே வந்து நின்றாள். அண்ணி என்றால் தனபாக்கியம். குரல் கேட்டாலே தெருநாய் ஒதுங்கும். கூடையில் மாற்றுப் புடவை, தலையணை எல்லாம்.

"கெளம்புடி அம்சா. பஸ்ஸடிக்குப் போவ வண்டி வெளிய நிக்குது. ஒரு பொண்ணு உடம்பு முடியாமக் கெடந்தா பொறந்த வூட்டுக்கு இட்டுக்கினு போவணும். உன்னை இங்க தருமாஸ்பத்திரில போட்டுட்டு நான் வூட்டுல சோறு தின்னா, ஊரு என் மூஞ்சில காறித் துப்பும்."

"வரல அண்ணி."

"செல்வி ராத்திரியெல்லாம் அம்மா அம்மாங்கறா."

அதைக் கேட்டதும் என் நெஞ்சு அறுந்துவிட்டது. பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளக் கை வராவிட்டாலும், அவள் என் பக்கத்தில் படுத்துக்கொண்டாலே போதும் என்று இருந்தது. டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

"உன்னைக் கட்டி வெக்க மாட்டேன், போறதுன்னா போ. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. கொசு தன் பாட்டுக்கு ரெண்டு மூணு தெருவுக்கு மேல தாண்டாது. காய்ச்சலை ஊர் விட்டு ஊர் கொண்டுபோறது மனுஷங்கதான். உனக்குக் காய்ச்சல் இருக்கற வரைக்கும் உன் ரத்தத்துல கிருமி இருக்குது. அங்க உன்னைக் கடிக்கற கொசு அடுத்தவங்களுக்குக் குடுக்கும்" என்றார்.

கிருமி இங்கே, கொசு அங்கே. நடுவில் பஸ் ஏறப் போகிறவள் நான்.

"நான் வரமாட்டேன் அண்ணி. நீங்க மொதல்ல போயி எல்லா வூட்டுலயும் நான் குடுத்த கிண்ணத்துத் தண்ணியக் கொட்டுங்க. உள்ள கொசுப்புழு இருக்குது. செல்வி கட்டிலுக்குக் கீழயும் இருக்குது. இன்னிக்கே கொட்டுங்க."

அண்ணி முகம் கறுத்துப்போனது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, காலைச் சொறிந்துகொண்டே ஒரு பாட்டம் அழுதாள். பிறகு ஒரு பாட்டம் திட்டினாள். "கூப்புட வந்தவளுக்கு இதான் மரியாதயா? நீயே கொண்டாந்து குடுப்ப, நீயே கொட்டச் சொல்லுவ. ஒவ்வொருத்தி வூட்டுலயும் போயி, எங்க நாத்தனார் குடுத்தது புழு புடிச்ச கிண்ணம்னு நான் சொல்லணுமா? எனக்கு மானம் இல்ல? உன் கிண்ணத்த நீயே வந்து கொட்டிக்க!"

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தலையணையை மட்டும் என் தலைக்கு அடியில் சொருகிவிட்டுத்தான் போனாள்.

என் காய்ச்சல் இறங்கியது. தடிப்பு மறைந்தது. வலி மட்டும் காலையில் எழுந்ததும் வந்து உட்கார்ந்துகொள்ளும். விரலை விரித்து மடக்கச் சொன்னார் டாக்டரம்மா. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு விரித்து மடக்குவேன். சுண்டுவிரல் முதலில் அசைந்தது. அதைப் பெண்ணாடத்து அம்மாவிடம் காட்டினேன். அவள் தன் கட்டைவிரலைக் காட்டினாள். ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி இருந்தோம்.

அப்போதுதான் அண்ணன் ஸ்ரீமுஷ்ணம் பஸ் கண்டக்டர் மூலமாக என் வீட்டுக்காரருக்குச் சேதி சொல்லி அனுப்பினார். அண்ணிக்குக் காய்ச்சல். குனிஞ்சவங்க நிமிரலையாம்.

எனக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. நான் போகாமல் இருந்தேன். காய்ச்சல் அண்ணியோடு பஸ் ஏறிப் போய்விட்டது. இந்த வார்டில், என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலைச் சொறிந்தாளே, அப்போது கொசு கடித்திருக்கும். இப்போது அவள் அங்கே கிடக்கிறாள், பக்கத்தில் செல்வி. கட்டிலுக்கு அடியில் நாலு கிண்ணம். கோபத்தில் போனவள் கொட்டினாளா, கொட்டவில்லையா?

"நீங்க போங்க, இப்பவே போங்க. போயி மொதல்ல கிண்ணத்தப் பாருங்க. அப்பறம் மத்ததெல்லாம்" என்று என் வீட்டுக்காரரை விரட்டினேன்.

அவர் போய்விட்டு வரும் வரைக்கும் நான் பட்ட பாட்டை எழுத முடியாது. காய்ச்சல் நேரத்தில்கூட நான் அப்படி நடுங்கவில்லை. பிள்ளைக்கு வந்தால் அந்தச் சின்ன விரல்கள் என்ன ஆகும்? நானே என் கையால் தேய்த்துக் கொண்டுபோய் அவள் கட்டிலுக்குக் கீழே வைத்தேனே! பெண்ணாடத்து அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, வராத கையால் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவர் வந்தார். முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்குகிற முகம்.

"செல்வி நல்லா இருக்கறா. அண்ணி வலைக்குள்ள கெடக்கறாங்க. பகல்லயே வலை கட்டியாச்சு."

"கிண்ணம்?"

"ஒண்ணுகூட இல்ல. தெரு பூராவும் பார்த்துட்டேன். அண்ணி இங்கேருந்து போன அன்னிக்கே கோணிப்பையத் தூக்கிக்கினு வூடு வூடா எறங்கிட்டாங்களாம். எங்க அம்சா என்னை அவமானப்படுத்திட்டா, அவ கிண்ணம் எவ வூட்டுலயும் இருக்கக் கூடாதுன்னு புடுங்கிக்கினு வந்துட்டாங்களாம். எதிர் வூட்டு அம்மா குடுக்க மாட்டேன்னு சண்ட. அண்ணி தண்ணியக் கொட்டி, புழுவக் காட்டுனாங்களாம். அப்பறம் அந்தம்மாவே தண்ணித் தொட்டி, உடைஞ்ச சட்டி எல்லாத்தையும் கவுத்துட்டாங்க."

நான் அழுதேன். இந்தத் தடவை கண்ணைத் துடைக்கக் கை வந்தது. கோணலாகத்தான், ஆனாலும் வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மாவிடம் கேட்டேன், இனிமேல் போகலாமா என்று. "உன் ரத்தம் சுத்தமாயிடுச்சு. அண்ணிக்கும் காய்ச்சல் விடட்டும், இன்னும் கொஞ்ச நாள் பார்த்துட்டுப் போ" என்றார். பொறுத்தேன். எனக்குப் பொறுமை பிறவியில் கிடையாது. ஆனாலும் பொறுத்தேன். கார்த்திகைக்குத்தான் பஸ் ஏறினேன். கையில் பை இல்லை. முதல் தடவையாகப் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு போனேன்.

பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் குனிந்தபடி நடந்தேன். எதிரே அண்ணியும் முட்டியில் கையை ஊன்றிக் குனிந்தபடி வந்தாள். ரெண்டு பேரும் தெரு நடுவில் நின்று ஒருத்தியை ஒருத்தி கீழிருந்து பார்த்தோம்.

"வாடி கெழவி" என்றாள் அண்ணி.

"இருங்க கெழவி, வரேன்" என்றேன்.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தெருவில் வேறு யாருக்காவது காய்ச்சல் உண்டா என்று கேட்டேன். "எவளுக்கும் இல்ல. எனக்கு மட்டும்தான். நீ குடுத்த சீரு" என்றாள்.

செல்வி ஓடிவந்து என் முட்டியைக் கட்டிக்கொண்டாள். உயிரே போகிற வலி. விடு என்று சொல்ல மனசு வரவில்லை. என் உள்ளங்கை இன்னும் முழுசாக விரியாது. விரலின் பின்பக்கத்தை அவள் நெற்றியில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. கழுத்தில் வைத்தேன். அங்கேயும் சில்லென்றுதான் இருந்தது. அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக மடக்கி விரித்துப் பார்த்தேன். "என்னா விளையாட்டும்மா இது?" என்றாள்.

பொழுது சாய்ந்தது. அண்ணி உள்ளே போய் அந்தக் கோணிப்பையை இழுத்துக்கொண்டு வந்தாள். என் கிண்ணங்கள். பள்ளத்தில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் ஊற்றி, சுற்றிலும் திரி போட்டு, வாசல் முழுக்க வைத்தாள். எதிர் வீட்டம்மாவும் வந்து தன் கிண்ணத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு கிண்ணத்திலும் வட்டமாகச் சுடர். நான் தேய்த்த கிண்ணம் அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

ஷெட்டுக்கு நான் தை பிறந்துதான் திரும்பினேன். கை வந்தது. முன்னைப்போல வந்ததா என்றால், மழை வருகிறதென்றால் எனக்கு முன்கூட்டியே தெரியும், அவ்வளவுதான். கிண்ணம் வாங்க வருகிறவர்களிடம், தண்ணீர் ஊற்றாதீர்கள், மண்ணெண்ணெய் ஊற்றுங்கள் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலாளி முறைப்பார். முறைக்கட்டும்.

அந்தக் கார்த்திகை அன்று எல்லாச் சுடரும் அணைந்தபிறகு, செல்வி ஒரு காலிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அடிபம்புப் பக்கம் நடந்தாள். "அம்மா, இதுல கொஞ்சமா தண்ணி புடிச்சி வெளையாடட்டுமா?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், கூனிக் கிடந்த அண்ணி விருட்டென்று நிமிர்ந்தே விட்டாள்.

"புடிச்ச, கையை ஒடிச்சிடுவேன்!"

நிமிர்ந்தது அவளுக்கே தெரியவில்லை. நாங்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.